மூட்டையில் எழுதியிருக்கும் புரதச் சதவீதம்

பன்றித் தீவனம் வாங்க வருபவர்கள் மூட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, புரதம் எத்தனை சதவீதம் என்பதைத்தான். நானும் வெகுகாலம் அப்படியே கேட்டுவந்தேன். 18 என்றால் நல்ல சரக்கு, 16 என்றால் மட்டம் என்பது என் கணக்கு. உண்மையில் வளரும் பன்றிக்கு வேண்டியவை புரதம் செரித்துப் பிரியும் அமினோ அமிலங்களே. மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் அவற்றுள் முதலில் பற்றாமல் போவது லைசின். அந்த ஒன்றை எட்டுவதற்காகப் புண்ணாக்கைக் கூட்டும்போது மற்ற அமினோ அமிலங்கள் தேவைக்கு மேல் சேர்ந்துவிடுகின்றன. உடலால் அவற்றைச் சேமித்துவைக்க முடியாது என்பதால், அவற்றின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடுகிறது. காலையில் கொட்டிலுக்குள் நுழைந்ததும் கண்ணை எரிக்கும் அம்மோனியாவில் பெரும்பங்கு, நாம் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்குதான்.

ஒரு டன் தீவனத்தில் 50 கிலோ சோயா புண்ணாக்கை எடுத்துவிட்டு, 48.5 கிலோ மக்காச்சோளமும் தனியாகக் கிடைக்கும் லைசின் மாவான லைசின் ஹைட்ரோகுளோரைடு 1.5 கிலோவும் சேர்த்தால், லைசின் அளவு ஏறத்தாழ அப்படியே நிற்கும். புரதமோ ஒன்றரைச் சதவீதப் புள்ளியளவு இறங்கும். புரதம் ஒரு புள்ளி இறங்கினால், வெளியேறும் நைட்ரஜன் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறைகிறது. (மாவு போன்ற இந்த லைசினைச் சர்க்கரையிலிருந்து நொதித்தல் முறையில் ஒரு பாக்டீரியா ஆக்கித் தருகிறது, அதைக் கண்டறிந்தது 1950களின் ஜப்பான்.)

அதற்கும் கீழே இறங்க வேண்டுமானால் லைசின் மட்டும் போதாது. திரியோனின், மெத்தியோனின், டிரிப்டோபேன், பிறகு வேலின் என்று ஒவ்வொன்றும் பற்றாக்குறையாக முன்னே வரும்; லைசினை 100 என்று வைத்தால் திரியோனின் 60க்கு மேலும் டிரிப்டோபேன் 17 அளவிலும் இருக்க வேண்டும். இந்த விகிதத்தைப் பாராமல் புண்ணாக்கை மட்டும் குறைப்பவர்களின் பன்றிகள் மெதுவாக வளர்ந்து, சதைக்குப் பதில் கொழுப்பைப் போடுகின்றன. விகிதம் சரியாக இருந்தாலும் முதுகுக் கொழுப்பு சற்றுக் கூடலாம். யூரியா ஆக்கச் செலவாகாத ஆற்றல் உடலிலேயே தங்கிவிடுவதால், தீவனத்தின் ஆற்றலையும் சேர்த்தே குறைத்தாக வேண்டும்.

இன்னொன்று, நாளுக்கு ஒருவேளை தீவனம் வைப்பவர்களுக்கு. தனி லைசின் குடலில் உடனே உறிஞ்சப்பட்டுவிடும், புண்ணாக்கின் அமினோ அமிலங்களோ செரித்துத் தாமதமாகவே வந்து சேரும். சதையாக மாற இரண்டும் ஒருசேர வேண்டும் என்பதால், முன்னே வந்துவிட்ட லைசினில் ஒரு பகுதி வீணாகும். அதே தீவனத்தைப் பல வேளைகளாகப் பிரித்து வைத்தாலே அந்த இழப்பு பெரிதும் குறைகிறது.