மாமா, நீங்க எந்த டீம்?

டீன் ரொமான்ஸ் நாவல் பத்தி எனக்கு இருந்த அபிப்ராயம் ரொம்ப சிம்பிள். ஒரு பொண்ணு, ரெண்டு பசங்க, யாரோட சேரப்போறான்னு முதல் சில அத்தியாயத்துலயே தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் முன்னூறு பக்கத்துக்கு ஒரே இழுவை. இப்பவும் இதுல ஒரு வார்த்தைகூட மாத்த மாட்டேன், எல்லாமே உண்மைதான். அந்த இழுவைக்காகத்தான் ஜனங்க காசு குடுத்து வாங்குறாங்கங்கிற விஷயம் மட்டும்தான் எனக்குப் பிடிபடாம இருந்துச்சு.

நானும் என் அக்கா பொண்ணும் ஒரே கிண்டில் அக்கவுண்ட். அவ வாங்குற புக்கெல்லாம் என் லைப்ரரியிலயும் வந்து உக்காந்துக்கும். என்னோட கொலை, துப்பறியும் சமாச்சாரத்துக்கு நடுவுல பளீர்னு ஒரு பிங்க் அட்டை, அதுல ஒரு பொண்ணு பெட்ல உக்காந்து ஏதோ எழுதிட்டு இருப்பா. தூக்கம் வராத ஒரு ராத்திரி, மறுநாள் அவளை ஓட்டுறதுக்காவது ரெண்டு விஷயம் கிடைக்குமேன்னு தொறந்தேன். விடிய விடிய படிச்சேன்னு எல்லாம் பில்டப் குடுக்க மாட்டேன், இருபது பக்கத்துல தூங்கிட்டேன். ஆனா மறுநாள் மத்தியானம் ஆபீஸ்ல போன்ல தொறந்து விட்ட இடத்துலேர்ந்து படிச்சேன் பாருங்க, அங்கதான் மாட்டினேன்.

அது ஜென்னி ஹான் எழுதின 'டு ஆல் தி பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்'. 2014ல வந்த புக், 2018ல நெட்ஃப்ளிக்ஸ்ல படமா வந்ததால நிறைய பேருக்கு கதை தெரிஞ்சிருக்கும். லாரா ஜீன்னு ஒரு பொண்ணு, அவளுக்குப் பிடிச்சுப் போன ஒவ்வொரு பையனுக்கும் ஒரு லெட்டர் எழுதி, போஸ்ட் பண்ணாம ஒரு தொப்பிப் பெட்டியில ஒளிச்சு வெச்சிருப்பா. மொத்தம் 5 லெட்டர். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா அது எதுவுமே காதலைச் சொல்ற லெட்டர் கிடையாது, உன்னை இதோட மறந்துட்டேன் போடான்னு தனக்குத்தானே கணக்கு முடிச்சுக்கிறதுக்கு எழுதினது. அந்த முடிச்ச கணக்கெல்லாம் ஒரே நேரத்துல உரியவங்க கைக்குப் போய்ச் சேர்ந்துடுது. அதுல ஒருத்தன் அவ சொந்த அக்காவோட பாய்ஃப்ரெண்டா இருந்தவன். அவன் கிட்டேர்ந்து தப்பிக்க பீட்டர்னு இன்னொருத்தனோட சும்மா காதலிக்கிற மாதிரி நடிக்கிறா, அவனுக்கும் தன்னை விட்டுட்டுப் போன பழைய கேர்ள்ஃப்ரெண்டை வெறுப்பேத்தணும், அதனால டீல் ஓகே.

நிஜத்துல எவனாவது இப்படிப் பண்ணுவானா? மாட்டான். நானும் அதையேதான் கேட்டுக்கிட்டே பக்கத்தைத் தள்ளிட்டு இருந்தேன். ஆனா இந்த டூப் காதல்ங்கிற ஐடியா இருக்கு பாருங்க, கதை சொல்றவங்களுக்கு அது ஒரு வரம். கையைப் பிடிச்சா அது நடிப்பா நிஜமா, ஒரு மெசேஜ் அனுப்பினா அது ஊருக்காகவா இவளுக்காகவா, எதுவுமே ரெண்டு அர்த்தத்துல படிக்கலாம். படத்துல ஒரு இடம் வரும். லாரா ஜீனுக்குப் பிடிச்ச கொரியன் யோகர்ட் ட்ரிங்க், அது கிடைக்கிற கடை ஊரோட இன்னொரு கோடியில இருக்கு. பீட்டர் அவ்ளோ தூரம் போய் அதை வாங்கிட்டு வந்திருப்பான். பார்க்கிற நமக்கு சங்கதி அங்கயே முடிஞ்சு போச்சு, பையன் விழுந்துட்டான். அவளுக்கு மட்டும் உறைக்கல.

இதைத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன், ஏன்னா நான் ஆயுசு பூரா துப்பறியும் கதை படிச்ச ஆளு. அதுல தடயம் எல்லாம் நம்ம கண் முன்னாடியே கிடக்கும், ஆனா நமக்குப் புரியாது, கடைசியில துப்பறியறவர் வந்து நம்மளை முட்டாளாக்கிட்டுப் போவாரு. டீன் ரொமான்ஸ் அதை அப்படியே கவுத்துப் போட்டது. அனேகமா எல்லாமே 'நான்'னு தன்மையில சொல்ற கதை, தடயத்தைப் பூரா நமக்கு ஒப்பிக்கிறதே அந்தப் பொண்ணுதான், அவன் இப்படிப் பார்த்தான், அப்படி சிரிச்சான், என் பேக்கைத் தூக்கிட்டு வந்தான்னு எல்லாத்தையும் கரெக்டா சொல்லிட்டு, கடைசியில 'அவனுக்கு என்னைச் சுத்தமா பிடிக்கல'ன்னு ஒரு முடிவுக்கு வருவா. நமக்கு கேஸ் எப்பவோ முடிஞ்சுது, துப்பறியறவளுக்கு மட்டும் முடியல. அடியே லூசு அவனைத் திரும்பிப் பாருடின்னு ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு மனசுக்குள்ள கத்துற நிலைமைக்கு ஒரு நாற்பது தாண்டின ஆளைக் கொண்டு வந்து நிறுத்துறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க.

அப்புறம் யோசிச்சா இது நமக்குப் புதுசும் கிடையாது. ஸ்கூல்ல மார்க்குக்காக நெட்ரு பண்ணின அகப்பாட்டு என்னவாம்? வெறியாட்டுன்னு ஒரு துறை ஞாபகம் இருக்கா? பொண்ணு மெலிஞ்சுக்கிட்டே போறா, சரியா சாப்பிடறதில்ல, அம்மா என்னடா இது முருகன் பிடிச்சிருக்கானோன்னு வேலன்ங்கிற பூசாரியைக் கூப்பிட்டு வெறியாட்டு வைக்கிறாங்க. இது காதல்தான்னு தோழிக்குத் தெரியும், பாட்டைப் படிக்கிற நமக்கும் தெரியும், அங்க நின்னு சீரியஸா பூஜை பண்றவங்களுக்கு மட்டும் தெரியாது. அந்தப் பாட்டோட சுவையே அந்த இடைவெளிதான். ரகசியமா காதலிக்கிற களவு, ஊர் பூரா பரவுற வம்புப் பேச்சான அலர், வீட்டை விட்டு வெளியே போகக்கூடாதுன்னு இற்செறிப்பு, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற தோழி, இதையெல்லாம் அப்படியே ஒரு ஹைஸ்கூல் காரிடார்ல கொண்டு போய் வெச்சா இந்த நாவல்தான். ஒரே வித்தியாசம், அகத்திணையில காதலிக்கிறவங்க பேரைச் சொல்லக்கூடாதுன்னு தொல்காப்பியம் கறாரா சொல்லிடுச்சு, இங்க அட்டையிலயே அவங்க ஃபோட்டோ போடுறாங்க. தலைவன், தலைவின்னு வந்தா இலக்கியம், பீட்டர், லாரா ஜீன்னு வந்தா குப்பையான்னு அக்கா பொண்ணு கேட்டிருந்தா எனக்கு பதில் இல்ல. நல்லவேளை அவ கேக்கல.

அடுத்து அவளே கையில குடுத்தது அதே ஜென்னி ஹானோட 'தி சம்மர் ஐ டர்ன்ட் ப்ரிட்டி' வரிசை. 2009லேர்ந்து 2011 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணா மூணு புக், 2022ல ப்ரைம் வீடியோல சீரிஸா ஆரம்பிச்சு 2025ல முடிஞ்சுது. பெல்லின்னு ஒரு பொண்ணு, ஒவ்வொரு கோடை லீவுக்கும் அம்மாவோட ஃப்ரெண்டு சூசன்னாவோட கடற்கரை வீட்டுக்குப் போவா, அங்க சூசன்னாவோட பசங்க காண்ராட், ஜெரமையா. ரெண்டு பேருல யாருங்கிறதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்குத்தான் உலகம் பூரா டீம் பிரிஞ்சு சண்டை போட்டாங்க.

எனக்கு அந்த டீம் சண்டை அவ்வளவா ஒட்டல, அதுக்குக் காரணம் என் வயசுதான். பெல்லி அவன் என்னைப் பார்த்தானா பார்க்கலையான்னு பக்கம் பக்கமா புலம்பிட்டு இருக்கும்போது, அதே வீட்டுல அவங்க அம்மா லாரலும் சூசன்னாவும் இருக்காங்க. சூசன்னாவுக்கு கேன்சர் திரும்பி வந்திருக்கு, பிள்ளைங்களோட இந்த கோடையாவது நல்லா போகட்டும்னு பெரியவங்க அதை வெளிய விடாம சமாளிக்கிறாங்க. பெல்லிக்கு தெரியாது, அவ கதை சொல்றதால அம்மாங்க ரெண்டு பேரும் பின்னாடி எங்கயோ பேசிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, திடீர்னு பேச்சை நிறுத்திக்கிட்டு இருக்கிறது மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். பதினாறு வயசு வாசகி அந்த வரியைத் தாண்டி காண்ராட் எங்கடான்னு ஓடிடுவா. நான் அந்த வரியிலயே நின்னுட்டேன். அக்கா பொண்ணுகிட்ட லாரல்தான் இந்த கதையிலயே பெஸ்ட்டுன்னு சொன்னேன், "மாமா, நான் எந்த டீம்னு கேட்டேன், நீங்க அம்மா டீமா?"ன்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிக்கட்டும். முப்பது வருஷம் கழிச்சு அவளும் இதைத் திருப்பிப் படிப்பா இல்ல.

வெளிய சொல்றதுக்கு மட்டும் கொஞ்ச நாள் கூச்சமா இருந்துச்சு. ட்ரெயின்ல படிக்கும்போது பக்கத்துல யாராவது எட்டிப் பார்த்தா டக்குனு ஸ்க்ரீனை ஆஃப் பண்ணுவேன், எவனோ ஃபோன்ல ஆபாசப் படம் பார்த்து மாட்டிக்கிட்ட மாதிரி. 2014ல ஸ்லேட் இணைய இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு, டீனேஜ் பிள்ளைங்களுக்காக எழுதினதைப் பெரியவங்க படிச்சா வெட்கப்படணும்னு, அதுக்குப் பெரிய ரகளையே நடந்துச்சு. கட்டுரை எழுதினவங்க சொன்னதுல ஒரு பாயிண்ட் இருக்கு, இந்த புக்கெல்லாம் முடிவுல எல்லாத்தையும் முடிச்சுப் போட்டு அழகா கையில குடுத்துடும், வாழ்க்கை அப்படி இல்லன்னு. வாஸ்தவம்தான். ஆனா வாழ்க்கை அப்படி இல்லன்னு எனக்கு புக் சொல்லித் தரணுமா என்ன, அதான் தினமும் நடக்குதே. சரி விடுங்க, அதுக்கு முன்னாடியே 2012ல அமெரிக்காவுல பௌக்கர்னு ஒரு நிறுவனம் எடுத்த சர்வேல, 12லேர்ந்து 17 வயசுக்குன்னு போடுற புக்கை வாங்குறவங்கள்ல 55 சதவீதம் பேர் 18 வயசோ அதுக்கு மேலயோன்னு தெரிய வந்துச்சு. அப்போ நம்ம ஆளுங்கதான் மெஜாரிட்டி. அதுக்கப்புறம் ஸ்க்ரீனை ஆஃப் பண்றதில்ல.

எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு ரசிச்சேன்னு நினைக்காதீங்க. 'ட்வைலைட்' 2005ல வந்தது, இந்த ஏரியாவுக்கே பெரிய கூட்டத்தைக் கூட்டிட்டு வந்த புக். அதுல என்னால ஒட்டவே முடியல. கதாநாயகன் எட்வர்ட் பொறந்தது 1901ல, வேம்பயர் ஆனதால 17லயே நின்னுட்டான், சரி. நூறு வயசு தாண்டினவன் இன்னும் ஸ்கூலுக்குப் போய் பயாலஜி கிளாஸ்ல உக்காந்திருக்கான், அதுவும் சரி, விதின்னு விட்டுடலாம். ராத்திரி கதாநாயகியோட ரூமுக்குள்ள அவளுக்குத் தெரியாம வந்து அவ தூங்குறதைப் பார்த்துக்கிட்டு நிப்பான்னு வருது பாருங்க, அங்க எனக்கு ரொமான்ஸ் எல்லாம் வரல, ஜன்னலுக்கு ஒரு நல்ல தாழ்ப்பா போடுங்கய்யான்னுதான் தோணுச்சு. அதே கதையை எட்வர்ட் பக்கத்துலேர்ந்து 2020ல தனி புக்காவே போட்டிருக்காங்க. நான் அந்தப் பக்கமே போகல.

இந்த வகையோட இன்னொரு வியாதி ரெண்டாவது புக். ரெண்டு பேரும் சேர்ந்தாச்சு, இனிமே இழுக்கிறதுக்கு என்ன இருக்கு? உடனே ஒரு சந்தேகம், ஒரு சண்டை, இல்லன்னா புதுசா ஒருத்தன். பல பேர் இதுல சொதப்புவாங்க. லாரா ஜீன் கதையோட ரெண்டாவது பாகத்துல மட்டும் ஜென்னி ஹான் கெட்டிக்காரத்தனமா அந்த 5 லெட்டருக்கே திரும்பிப் போய் ஜான் ஆம்ப்ரோஸ்னு ஒரு பையனை எடுத்துட்டு வராங்க. வெளியிலேர்ந்து திணிச்ச ஆளு இல்ல, மொத புக்குலயே அவனுக்கும் லெட்டர் போயிருக்கு. பேச்சு நிதானம், மனுஷன்கிட்ட மரியாதை, பொண்ணு எழுதின லெட்டரை நிஜமாவே மதிக்கிறான். பீட்டரை விட எவ்வளவோ தேவலாம்னு எனக்குப் பட்டுச்சு, பட்டதைச் சொல்லியும் தொலைச்சேன். அக்கா பொண்ணு "மாமா உங்களுக்கு டேஸ்ட்டே இல்ல, இதுக்குத்தான் உங்களைப் படிக்க விட்டேனா?"ன்னு மெசேஜ் போட்டுட்டு, கூடவே ஏழெட்டு கோவ எமோஜி. ஜான் ஆம்ப்ரோஸ் ஏன் பெட்டர்னு பாயிண்ட் பாயிண்ட்டா ஒரு பெரிய வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கேன், இன்னும் ப்ளூ டிக் விழல.