டீலர் நீட்டிய தாளும் கிரெடிட் யூனியன் அனுப்பிய ஒப்பந்தமும்

2023 மார்ச்சில் டெக்சாஸில், டாலஸ் பக்கம் ஒரு டீலரிடம் பழைய கார் வாங்கினோம். 2019 ஹூண்டாய் டூசான், 48,000 மைல் ஓடியது. விலை பேசி முடித்த களைப்போடு பைனான்ஸ் அறையில் உட்கார்ந்தபோது கூடுதல் வாரண்டி பேச்சு வந்தது. "மாதம் 55 டாலர்தான் கூடும், இன்றைக்கு எடுத்தால்தான் இந்த விலை" என்றார் அங்கே இருந்தவர். 72 மாதக் கடன். மனைவி போனில் பெருக்கி என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: 3,960. வாரண்டியின் விலை 3,200, மீதி வட்டி. "என்னங்க, படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்றாள். போடவில்லை.

"எஞ்சினுக்குக் கவலையே வேண்டாம், ஹூண்டாயே 10 வருடம், 1,00,000 மைல் வரை வாரண்டி தருகிறது" என்றும் அவர் சொன்னார். வீட்டில் வந்து பார்த்தால், அது காரைப் புதிதாக வாங்கிய முதல் உரிமையாளருக்கு. கம்பெனியே சான்றளித்து விற்கும் பழைய காராக இல்லாவிட்டால், அடுத்தவருக்கு 5 வருடம், 60,000 மைல்தான். எங்கள் காருக்கு மிஞ்சியது ஓராண்டு சொச்சம். வாரண்டி வேண்டும் என்று முடிவு செய்ததே அதைப் படித்த பிறகுதான்.

கார் கடன் எங்கள் கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு வங்கி மாதிரி) இருந்ததால் அங்கேயே கேட்டேன். அங்கே இருந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. "முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள்" என்று முழு மாதிரியையும் மின்னஞ்சலில் அனுப்பினார். இரண்டு வகை இருந்தது. ஒன்றில், எதற்கெல்லாம் பணம் கிடைக்கும் என்று பட்டியல். பட்டியலில் இல்லாதது நம் தலையில். டீலர் நீட்டியதும் இதுதான், அதில் தொடுதிரையும் சென்சார்களும் இல்லை. மற்றதில், எதற்குக் கிடைக்காது என்று மட்டும் பட்டியல்: பிரேக் பேட், டயர், வைப்பர் போல. 1,900 டாலருக்கு இரண்டாவதை எடுத்தேன், கடனில் சேர்க்காமல் கையிலிருந்து கட்டினேன். டிடக்டிபிள், அதாவது பழுதுபார்க்கும் செலவில் நாம் கட்ட வேண்டிய பங்கு, 100 டாலர். அது ஒவ்வொரு பழுதுக்குமா, ஒவ்வொரு தடவை கடைக்குப் போவதற்கா என்று கேட்டு, தடவைக்குத்தான் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இன்னொன்று: கிரெடிட் யூனியன் விற்கிறதே தவிர, பணம் தருவது வேறொரு நிறுவனம். அவர்கள் சம்மதிக்கும் முன் மெக்கானிக் வேலையைத் தொடங்கிவிட்டால் பணம் வராது.

2025 ஆகஸ்டில், டெக்சாஸ் வெயிலில், ஏசி கம்ப்ரசர் போனது. 71,000 மைல். மெக்கானிக்கை நிறுத்திவைத்துவிட்டு அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். காரை ஒழுங்காகப் பராமரித்தேனா என்று பார்க்க, ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேட்டார்கள். டாஷ்போர்டு பெட்டியில் கிடந்த ஒன்றில் தேதியும் மைலும் வெயிலில் வெளுத்து, வெறும் தாளாகிவிட்டிருந்தது. நல்லவேளை, கடைக்காரர் கணினியிலிருந்து மறுபடி எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் சம்மதம் வந்தது. நான் கட்டியது 100 டாலர்.

இப்போதெல்லாம் ரசீது கைக்கு வந்ததும், கடை வாசலிலேயே போட்டோ எடுத்துவிடுகிறேன்.