காற்று எந்தப் பக்கம்

மே 12, 2021, புதன்

அத்தைக்குக் கொரோனா, மூன்றாம் நாள். ஆக்ஸிஜன் அளவு காலை 97, மாலை 97. காய்ச்சல் 101.

பிளீச்சிங் கணக்கு: பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருந்தால் லிட்டருக்கு 3 கிராம், 10 லிட்டர் பக்கெட்டுக்கு 30 கிராம். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பிறகு நிரப்பி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் வடித்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பக்கெட்தான், இரும்பு அரித்துவிடும். காலையில் கலந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. தரையில் 10 நிமிஷம் ஊற விட்டுக் கழுவினால்தான் வேலை செய்யும். ஊற்றிய கையோடு கழுவினால் வீண்.

கக்கூஸ் நாலு போர்ஷனுக்கும் பொது. அங்கே ஆசிட் ஊற்றுவது எல்லோருக்கும் பழக்கம். ஆசிட் மேல் பிளீச்சிங் தண்ணீர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன கக்கூஸ், கதவு சாத்தியிருக்கும், உள்ளே இருமுகிற மனுஷி. ஆசிட் பாட்டிலை எடுத்து மாடியில் வைத்தாயிற்று. நாலு வீட்டுக்கும் சொல்லியாயிற்று. நாளைக்கும் சொல்ல வேண்டும்.

மே 13

97. ரசத்தில் உப்பே இல்லையாம். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மே 14, வெள்ளி

ரம்ஜான். தெருவில் சத்தமே இல்லை.

மூன்று நாளாகத் தரையையே துடைத்துக்கொண்டிருந்தோம். காற்றை யாரும் பார்க்கவில்லை.

வீடு கிழக்கு மேற்காக ரயில் பெட்டி மாதிரி மூன்று அறை. தெருப் பக்கம் அத்தை, நடுவில் மற்றவர்கள், பின்னால் சமையல். காலையில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. சமையலறை ஜன்னலில் நுழைந்து, அத்தை ஜன்னல் வழியே தெருவுக்குப் போய்விடுகிறது. வேண்டியது அதுதான். நண்பகலில் காசிமேட்டுப் பக்கமிருந்து கடல் காற்று திரும்பியதும் எல்லாம் மாறிவிடுகிறது. அத்தை விட்ட மூச்சு நேரே சோற்றுத் தட்டுக்கு வருகிறது. கத்திரி வெயிலில் வண்ணாரப்பேட்டையே ஏங்கிக் காத்திருப்பது இந்தக் காற்றுக்குத்தான்.

செய்தது: டேபிள் ஃபேனை அத்தை ஜன்னலில் வெளியே பார்க்க வைத்தோம். ஃபேனைச் சுற்றி இருக்கும் இடைவெளியை அட்டையால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் தள்ளிய காற்று பக்கவாட்டில் திரும்ப உள்ளே வந்துவிடும். நடு அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஒரு விரல் இடைவெளி. அறைக்குள் வரும் காற்று அந்த ஒரு வழியாகத்தான் வர வேண்டும்.

சரிபார்க்கக் கதவடியில் ஊதுவத்தி கொளுத்தினேன். புகை அத்தை பக்கம் இழுத்தது. உள்ளேயிருந்து குரல்: "உசிரோட கீறவளுக்கு இன்னாத்துக்குமா ஊதுவத்தி?"

உடனே அணைத்துவிட்டேன். இருமலுக்குப் புகையும் ஆகாது. இனி தையல் நூல். ஒரு சாண் நீளத்தில், கதவடியில் பிடித்தால் போதும்.

மே 15

பகல் 2 மணிக்குக் கரண்ட் இல்லை, 40 நிமிஷம். நூல் நம் பக்கம் அடித்தது. எல்லோரும் மாஸ்க்கோடு மாடிப் படியில்.

மே 16, ஞாயிறு

96.

ஆவின் பால் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்குவதை நிறுத்தியாயிற்று. அந்த நேரத்துக்கு மாஸ்க்கைப் பார்க்கலாம். என்95 ஐந்து, காகிதக் கவர் ஐந்து. இன்று போட்டது ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி. சோப்புப் போட்டுத் துவைத்தால் இழையில் இருக்கும் மின்னேற்றம் போய்விடும், அது போனால் சரியாக வடிகட்டாது. அத்தைக்கு வால்வு வைத்தது வேண்டாம், விடும் மூச்சு அதன் வழியாக அப்படியே வெளியே வந்துவிடும்.

கக்கூஸுக்கு அத்தை கடைசி ஆள். வந்த பிறகு அரை மணி கதவு திறந்தே கிடக்கட்டும்.

மே 17

95.

மே 18

95. ஒன்பதாம் நாள். இரவு காய்ச்சல் 100.

ஆக்ஸிமீட்டரைத் திட்டுவதற்கு முன்: ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத விரலில் மாட்ட வேண்டும். முதலில் காட்டும் எண்ணை எழுதக் கூடாது. மாறாமல் நிற்கும் எண்தான் கணக்கு. பிறகு அறைக்குள்ளேயே நடை. ஆறு நிமிஷம், வயதானவர்களுக்கு மூன்று போதும். நடந்த பின் 94-க்குக் கீழே போனாலோ, 3 புள்ளி இறங்கினாலோ உடனே 108.

நடந்த பின் 94. ஐந்து நிமிஷம் கழித்து 95. மறுபடி மாட்டினேன், 95.

வாட்ஸ்அப்பில் யாரோ மாத்திரைச் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள், அதில் டெக்ஸாமெத்தசோன். ஆக்ஸிஜன் தேவைப்படும் ஆளுக்குத்தான் அது உயிர் காக்கும். தேவைப்படாதவருக்குக் கொடுத்தால் நன்மை இல்லை, சர்க்கரை ஏறும், கெடுதலே அதிகம். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரை இந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

குப்புறப் படுக்கை: கழுத்தடியில் ஒன்று, மார்பிலிருந்து தொடைவரை இரண்டு, கணைக்காலடியில் இரண்டு தலையணை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, அரை மணி. பிறகு வலப்பக்கம், இடப்பக்கம்.

இரவு 3 மணிக்கு 95. நூல் அசையவில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று எழுந்து பார்த்தேன். ஓடுகிறது.

மே 19

96!

மே 20

96. மீன் தடைக்காலம் ஜூன் 14 வரை. முட்டை இரண்டு, பாசிப்பயறு. வஞ்சிரம் கேட்கிறாள். வாசனை தெரிகிறதா என்றேன், பதில் இல்லை.

மே 22, சனி

97. பத்து நாள் தாண்டியாயிற்று, காய்ச்சல் விட்டு மூன்று நாளுக்கு மேல்.

திங்கள் முதல் முழு ஊரடங்கு. இன்றும் நாளையும் இரவு 9 வரை கடை. கடைத் தெருவான எம்.சி. ரோடு பக்கம் போகவே கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெய் இருக்கிறது. பாரசிட்டமால் இரண்டு அட்டை, ஆக்ஸிமீட்டருக்கு பேட்டரி நாலு.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி. மணி 3 ஆகியும் கடல் காற்று வரவில்லை. நூல் இன்னும் மேற்கிலிருந்தே.

மே 23

97. அத்தை ஜன்னல் அட்டையைப் பிரித்தேன்.

பக்கத்து போர்ஷன் அக்கா கதவைத் தட்டாமல் தூர நின்றே கூப்பிட்டாள். பையனுக்கு உடம்பு சுடுகிறதாம். அவர்கள் வீட்டில் ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பார்த்தது. ஃபேனையும் நூலையும் எடுத்துக்கொண்டு போகிறேன்