இனிஷியல் இடம் மாறியதில் போன பணம்: சென்னை – டில்லி – ஹரித்வார்

ஜனவரியில் சென்னையிலிருந்து டில்லி, அங்கே வண்டி மாறி ஹரித்வார். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120). அது சுலபமாக முடிந்தது. சென்னை – டில்லி பயணமும் ஆக்ரா வரை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

அதன்பிறகு பனிமூட்டம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அந்தப் பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். காலையில் சேர வேண்டியது மதியம் தாண்டியும் சேரும். எங்கள் இணைப்பு வண்டி அதற்குள் கிளம்பிவிட்டது.

இதற்கென்றே 2019 ஏப்ரல் முதல் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்களையும் இணைத்து வைத்தால், முதல் வண்டி தாமதத்தால் இரண்டாவது தவறும்போது, பயணம் செய்யாத பகுதிக்குப் பிடித்தம் இல்லாமல் பணம் வரும். முதல் வண்டி வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) போட வேண்டும். ஆனால் இரண்டு டிக்கெட்டிலும் பயணி விவரம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்டுத் தந்த முகவர் ஒன்றில் இனிஷியலை முன்னால் அடித்திருந்தார், மற்றதில் பின்னால். இணையவில்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்." ஆனது. நம்மூர்ப் பெயர்களுக்கு இது தனித் தலைவலி. இரண்டையும் ஒரே கணக்கிலிருந்து, சேமித்து வைத்த ஒரே பெயரைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றாக இருப்பது நல்லது. புதுடில்லி, பழைய டில்லி, நிஜாமுதீன், ஆனந்த் விஹார் நான்கும் வேறு வேறு.

பணம் கேட்டு கவுன்ட்டர் வரிசையிலும் நிற்காதீர்கள். இ-டிக்கெட்டுக்கு அங்கே ஒன்றும் நடக்காது என்பதை வரிசை முடிவில்தான் சொல்கிறார்கள்.

கைகொடுத்தது பஸ். புதுடில்லியிலிருந்து மஞ்சள் தட மெட்ரோவில் காஷ்மீரி கேட். பக்கத்திலேயே ஹரித்வார் பஸ் கிடைக்கும். இரவே போய்ச் சேர்ந்தாயிற்று.

மாற்று ஏற்பாடு என்று பலரும் நம்பும் விகல்ப்பை (காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு வேறு வண்டியில் இடம் தரும் திட்டம்) யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மாற்று வண்டி ஒதுக்கிவிட்டால் பழைய வண்டியில் ஏற முடியாது, ஏறும் நிலையமும் பக்கத்து நிலையமாக மாறலாம். ரத்து செய்தால் உறுதியான டிக்கெட்டுக்குரிய பிடித்தம்தான்.

கடைசி நேர முன்பதிவான தட்கல் திறப்பது ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, முந்தைய நாள். வண்டி முதலில் புறப்படும் நிலையத்தின் தேதிதான் கணக்கு. நடுவழியில் மறுநாள் ஏறுபவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் ஆன்லைனில் தட்கல் இல்லை, அதை முன்பே முடித்து வையுங்கள். உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா வராது.

காத்திருப்புப் பட்டியலில் ஜிஎன்டபிள்யூஎல் (பொதுப் பட்டியல்) ஓரளவு நகரும். பிக்யூடபிள்யூஎல்லை (இடைப்பட்ட நிலையங்களுக்கான பொதுவான சிறு ஒதுக்கீட்டின் பட்டியல்) நம்பி லாட்ஜ் போடாதீர்கள். அதனால் காட்பாடி போன்ற நடுவழி நிலையத்தில் ஏறுபவர்கள், வண்டி புறப்படும் சென்னையிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறுமிடத்தை மட்டும் காட்பாடி என்று கொடுக்கலாம். கூடுதல் கட்டணம் கொஞ்சம்தான்.

ஏறும் இடத்திலேயே வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமா? போகப் போவதில்லை என்றால், அது கிளம்புவதற்கு முன் டிடிஆர் போட்டால் முழுக் கட்டணம். கிளம்பிய பின் போட்டுப் பயனில்லை.