ரசீதுக்கு ஓடிய ஓட்டம்

பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிய என் தம்பியை மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு லாரி மோதியது. அன்றிலிருந்து அவனுக்கு மார்புக்குக் கீழே உணர்வில்லை. முதுகுத்தண்டு நரம்பு கையிலோ காலிலோ உள்ள நரம்பைப் போலத் தானாக மீண்டும் வளர்வதில்லை என்று மருத்துவர் விளக்கியபோது, அதற்கு வழி தேடும் ஆராய்ச்சிக்கு என்னாலானதைத் திரட்டித் தருவதென்று முடிவு செய்தேன்.

முதலாண்டு 'விங்ஸ் ஃபார் லைஃப் வேர்ல்டு ரன்' ஓட்டத்தில் செயலி வழியாகக் கலந்துகொண்டேன். உலகெங்கும் ஒரே நேரத்தில், மலேசியாவில் நமக்கு இரவு 7 மணிக்கு, தொடங்கும் அந்த ஓட்டத்தில் நுழைவுக் கட்டணம் முழுவதும் முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்கே போவதால் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. மறு ஆண்டு, பினாங்குப் பாலத்து மாரத்தானில் ஓடி, தெரிந்தவர்களிடம் நன்கொடை பெற்று, கோலாலம்பூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிதியத்துக்குத் தரலாமென்று புறப்பட்டபோதுதான் வினை தொடங்கியது.

தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்ததையும், பின்னிரவில் தொடங்கி 42.195 கிலோமீட்டர் ஓடி முடித்ததையும் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. கால் நகங்கள் இரண்டு போயின, அவ்வளவுதான். கடைத்தெருவில் உண்டியல் ஏந்தவும் எண்ணியிருந்தேன். பொது இடத்தில் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை உரிமம் வேண்டுமென்று ஓய்வுபெற்ற போலீஸ்காரரான மாமா தடுத்தது என் நல்ல காலம்.

நான் செய்த பிழை, 86 பேரின் பணத்தையும் என் வங்கிக் கணக்கில் வாங்கி, 11,240 வெள்ளியை ஒரே தொகையாக அனுப்பியது. ஒரே ரசீது, என் பெயரில் வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்த பணத்துக்கு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு உண்டென்பதால், கொடுத்தவர்கள் தங்கள் பெயரில் ரசீது கேட்டது நியாயமே.

தொலைபேசியில் கேட்டபோது நிதியத்தார் "பட்டியல் இருந்தால் போதும்" என்றார்கள். விடுப்பு எடுத்து, பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் மின்ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போனால், முகப்பில் இருந்த பெண்மணி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, ஒவ்வொருவரின் வங்கிச் சீட்டும், அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரும் எண்ணும், நான் கையொப்பமிட்ட கடிதமும், எனக்குத் தந்த ரசீதின் அசலும் வேண்டுமென்றார். அசலைத் தம்பி கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தன் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தான். வெறுங்கையோடு திரும்பினேன்.

அடுத்த மூன்று வாரமும் பெயர் வேட்டைதான். என் குறிப்பேட்டில் 'குமார் அண்ணன், பூச்சோங், 100' என்று இருந்தவருக்கு அடையாள அட்டையில் குமார் என்ற எழுத்தே இல்லை. அத்தை ஒருவர், அட்டை எண்ணைக் கேட்டதும், இது அதிகாரிபோலத் தொலைபேசியில் பேசிப் பணம் பறிக்கும் மக்காவ் மோசடியாக இருக்குமோ என்று என் அம்மாவிடமே விசாரித்தார். எவரேனும் இதைச் செய்யப் போகிறீர்களென்றால், நன்கொடையாளரை நேராக நிறுவனத்தின் கணக்குக்கே செலுத்தச் சொல்லுங்கள். பெயரையும் எண்ணையும் அன்றே வாங்கி வையுங்கள். எந்தெந்த ஆவணம் வேண்டுமென்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை போனபோது அதே பெண்மணி என் கோப்பைத் தாள் தாளாகப் புரட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் முத்திரை குத்தினார். வருமான வரிக் கணக்குக் காட்டுவதற்கான ஏப்ரல் 30ஆம் தேதிக் கெடுவுக்கு எட்டு நாள் முன்பு 85 ரசீதுகள் வந்து சேர்ந்தன. அத்தை மட்டும் கடைசிவரை எண்ணைத் தரவில்லை. ரசீதை எடுத்த பிறகு காலியாகத் தொங்கிய சட்டத்தில், தம்பி என் ரயில் சீட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறான்.