இரண்டாம் மணிக்கு முன்

நவம்பர் 1, சனி

கல்லறைத் தோட்டத்தில் உடைமுள்ளை வெட்டி ஒதுக்கி முடிப்பதற்குள் மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. வாலிபர் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். தாத்தாவின் கல்லறைக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். அப்பா அடித்திருந்தால் எழுத்துக் குழிகளுக்குள் சுண்ணாம்பு இறங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அடித்ததில் ஆண்டின் கடைசி எண் மூடிப்போயிற்று. காய்வதற்குள் ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைத் திருவிருந்தும் மரித்தோரை நினைக்கும் சகல ஆத்துமாக்களின் நாளும் இவ்வாண்டு ஒன்றாகவே வந்தன. அப்பாவுக்குப் பதிலாக ஆலய மணி அடிக்கப் போனேன். முதல் மணி எனக்குச் சரியாக விழவில்லை. இழுத்த கயிற்றை உடனே தளரவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து அப்பாவின் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். ஆனால் கை விட மறுத்தது. நாக்கு மணியின் விளிம்பிலேயே ஒட்டி நிற்க, ஓசை பிறந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. இரண்டாம் மணி பரவாயில்லை.

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகரான ஐயர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குத் திருவிருந்து கொடுத்தார். கட்டிலின் பக்கத்தில் முக்காலி போட்டு, அம்மா வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். சமாதானம் கூறும் இடம் வந்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. 1950-இல் தென்னிந்தியத் திருச்சபை தனக்கென்று வகுத்துக்கொண்ட முறைப்படி, கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடக்கையால் அதை மூடிக்கொள்வார்கள். பல சபைகள் இணைந்து இந்தத் திருச்சபை உருவான 1947 செப்டம்பர் 27-க்கு முந்தைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் இந்தச் செய்கை இல்லை என்று தாத்தா சொல்வார். திருச்சபைகள் ஒன்றானதால் நமக்குக் கிடைத்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்றும் சொல்வார். அப்பாவின் வலக்கை போர்வையின் மேல் திரும்பிக் கிடந்தது. ஐயர் குனிந்து, அந்தக் கையை விரல் விரலாக நிமிர்த்தி, தம் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார். அப்பாவின் இடக்கை மெல்ல ஊர்ந்து வந்து மேலே மூடியது.

மாலையில் கல்லறைத் தோட்டம் முழுவதும் மெழுகுவர்த்தி. காற்று அதிகமாக இருந்ததால் கொட்டாங்கச்சிக்குள் வைத்து ஏற்றினோம்.

நவம்பர் 4, செவ்வாய்

ஸ்கேன் அறிக்கை இன்னும் வரவில்லை.

நவம்பர் 5, புதன்

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். பிடி அரிசி அளந்தோம். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கை அரிசியைத் தனியாக எடுத்து வைக்கும் இந்த வழக்கம் எங்கள் வீட்டில் எத்தனை தலைமுறையாக நடக்கிறது என்று அம்மாவைக் கேட்டேன். தன் மாமியார் அடுக்களையில் அரிசிப் பானைக்கு வலப்புறம் சின்னப் பானை இருந்தது என்று மட்டும் சொன்னார்கள். ஊழியத்துக்கென்று போகும் பணத்தில் இப்படிச் சேர்ந்த அரிசியின் பங்கும் உண்டு. 1903-இல் பாளையங்கோட்டையில் நம் மக்களே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் வெளியூர்ப் பெரிய மனிதர்களின் கொடையால் மட்டும் நின்றது அல்ல என்பதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்வதில்லை என்றே நினைக்கிறேன். பானையிலிருந்து படிக்குக் கொட்டும்போது எழும் தவிட்டு மணம், அம்மா புடவைத் தலைப்பால் படியின் வாயை வழித்து மட்டம் செய்யும் விதம், இவற்றைக் காட்டினாலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இந்த மாதம் அம்மா அளந்தது வழக்கத்தில் பாதிதான். கஞ்சி வைக்கும் வீட்டில் உலைக்கு அரிசி குறைவு.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். ஒரு சேவல், இரண்டு தார் வாழை, முட்டைகள், எங்கள் வீட்டு முருங்கைக்காய்க் கட்டு. கட்டை எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, காயை எங்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யார் என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

மணி இன்று மூன்று முறையும் நன்றாக விழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வராது என்பது எனக்கு ஒரு கணம் மறந்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

மழை. மணிக்கயிறு நனைந்து இறுகிவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

விடியற்காலை மூன்றரை மணிக்குச் சபை ஊழியரான உபதேசியார் வந்து கதவைத் தட்டினார். கீழத்தெருப் பாட்டி கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள். ஊர் விழிக்கும் முன்பே துக்க மணி அடிக்க வேண்டும். இதற்காகத்தான் இத்தனை நாளாக நான் பயந்துகொண்டிருந்தேன். ஆராதனை மணி தவறினால் சபை பொறுத்துக்கொள்ளும், துக்க மணி தவறக் கூடாது.

டார்ச் விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே, “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அப்பா முன்பொருமுறை சொல்லியிருந்தார். அப்படியே சொல்லி அடித்தேன். பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. எண்பத்திரண்டு அடி. நாற்பதுக்குமேல் கை நடுங்கத் தொடங்கியது. அறுபதுக்குமேல் யாருக்காக அடிக்கிறேன் என்பதை மறந்து, அதை எண்ணிப் பார்க்கவும் பயந்து, வாக்கியத்தை மட்டும் பற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடக்கையின் ஆள்காட்டி விரலைக் கட்டில் சட்டத்தில் ஒருமுறை தட்டினார். பிறகு பேசாமல் இருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், தலையை அசைத்தார். மறுபடியும் ஒரு தட்டு. மறுபடியும் அந்த அமைதி. மூன்றாம் தட்டின்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணை மூடிக்கொண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவருடைய விரல் அதை இரண்டு முறை சொல்லும் அளவுக்குக் காத்திருந்தது. நான் ஒரே முறை சொல்லி அடித்திருக்கிறேன். எண்பத்திரண்டு அடியையும் அவர் படுத்தபடியே கேட்டு, ஒவ்வோர் இடைவெளியிலும் பாதி குறைந்ததை அறிந்திருக்கிறார்.

நான்கு மணிக்கு அடக்க ஆராதனை. மண் ஈரமாக இருந்ததால் குழி வெட்டியவர்களுக்குச் சிரமம் இல்லை.

நவம்பர் 15, சனி

இரண்டு முறை. இரண்டாவது முறை முதல் முறையைவிட மெதுவாக.

நவம்பர் 16, ஞாயிறு

மணிக்கு மோட்டார் பொருத்திவிடலாமே என்று ஆராதனைக்குப் பின் ஒருவர் அன்போடுதான் கேட்டார். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்பதே அவருடைய எண்ணம். நேரம் குறித்துவைத்தால் அதுவே அடித்துக்கொள்ளும் என்பது உண்மை. பல ஆலயங்களில் அப்படி நடக்கிறது என்பதும் உண்மை. நாளைக்கு நான் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டால் யார் அடிப்பார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் செத்தவர் வீட்டுக்கு முன்னால் நின்று காத்திருக்கும் அந்த இடைவெளியை ஓர் இயந்திரம் எப்படிக் காக்கும் என்பதை நினைக்க என் மனம் ஒப்பவில்லை. அடுத்த கமிட்டியில் பேசுவோம் என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

திருநெல்வேலிக்குப் போய்வந்தோம். திசையன்விளை வரை ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேச்சு திரும்ப வருமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லும் முன் நான் மூன்று முறை சொல்லி முடித்துவிட்டேன். “பயிற்சி கொடுங்கள், பார்க்கலாம்” என்றார்.

நவம்பர் 20, வியாழன்

அம்மாவின் பின்னல் வேலைக்கு நூல் வாங்க இடையன்குடிக்குப் போனேன். அங்குள்ள ஒரு பெரியம்மாவிடம்தான் அம்மா இந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். தலையணையின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னும் அந்த வேலையை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார். நாகர்கோவில் மிஷனெரி மால்ட் ஐயரின் மகள். தமிழ் பேசியே வளர்ந்தவர்.

நூலை வாங்கிய பிறகு பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குள் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கால்டுவெல் ஐயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் எனக்கு இன்று நினைவில் நின்றது இந்தக் கட்டடம். 1841-இல் இங்கே வந்து சேர்ந்தவர், 1847-இல் அடிக்கல் நாட்டினார். பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6-ஆம் தேதி. முப்பத்து மூன்று ஆண்டுகள். அவர் பிறந்தது 1814. அப்படியானால் அடிக்கல் நாட்டியபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. கதவு திறந்தபோது அறுபத்தாறு. வாழ்ந்த காலம் எவ்வளவோ, அதே அளவு காலத்தை இன்னொரு முறை காத்திருந்தே கழித்திருக்கிறார். இடையில் பஞ்சம் வந்தது, கொள்ளைநோய் வந்தது, அவரே 1877-இல் அத்தியட்சர், அதாவது பேராயர் ஆனார். கல்லின்மேல் கல்லாக ஏறுவதை அன்றாடம் பார்த்துக்கொண்டே திருவிருந்தும் ஞானஸ்நானமும் அடக்கமும் நடத்தியிருக்கிறார். 1891-இல் கொடைக்கானலில் மரித்தவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்து இந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அங்கே முழங்காலில் நின்று அப்பாவுக்காக ஜெபித்தேன். பேச்சு இத்தனை நாளில் வரவேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

அப்பாவின் வலது கட்டைவிரல் அசைந்ததாக அம்மா சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறு. சங்கக் காணிக்கை பாக்கியுள்ளவர்களின் பெயர்களை உபதேசியார் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி நினைவூட்டினார். சபைக்கு முன் வாசிக்கவில்லை. அது நல்ல மாற்றம். பாடகர் குழு கீத ஆராதனைக்கான ஒத்திகையைத் தொடங்கிவிட்டது. தாழ்ந்த குரலுக்கு ஆள் இல்லை. அந்த வரிசையின் ஓரத்தில் அப்பா நிற்கும் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளாமல் ஒரு ஆள் அளவுக்கு விட்டே நிற்கிறார்கள்.

நவம்பர் 25, செவ்வாய்

அசைந்தது. நானும் பார்த்தேன்.

நவம்பர் 26, புதன்

இன்று அசையவில்லை. காலையிலிருந்து பத்து முறையாவது பார்த்துவிட்டேன். எனக்காக அசைத்துக் காட்ட வேண்டுமே என்று அவர் வருந்துவதை உணர்ந்த பிறகுதான் பார்ப்பதை நிறுத்தினேன். மருந்துக் கடையில் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. அம்மாவிடம் கோபப்பட்டேன். காரணம் ஒன்றும் இல்லை. பின்னலில் ஒரு பூ தவறிப்போயிற்று என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும், யார் அதை உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டேன். அம்மா பதில் சொல்லாமல் பிரித்து முடித்து, மறுபடியும் பின்னினார்கள்.

நவம்பர் 29, சனி

மதியம் மூன்று மணிக்குப் பெண்கள் ஆறு பேர் ஆலயத்தில் கூடினோம். திருப்பலகையின் பச்சைத் துணியை எடுத்து மடித்துவிட்டு, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஆகமன காலத்துக்குரிய ஊதாத் துணியை விரித்தோம். அதன் மேல் விரிக்கும் வெள்ளைத் துணியின் ஓரத்துக்குத்தான் அம்மாவின் பின்னல். பிரித்துப் பின்னிய பூ எது என்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஐயரம்மா அதை விரலால் தடவிப் பார்த்து, “இந்தப் பூவை உங்க அம்மா கையில மட்டுந்தான் பார்க்க முடியும்” என்றார்கள். வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. அப்பாவை ஆலயத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. இரவெல்லாம் இருமல். வாசல் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு முதல் மணிக்குப் போனேன். மழைக்கு முந்தைய காற்று ஆலயத்திலிருந்து எங்கள் தெருப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 1, திங்கள்

ஆகமனத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குரிய ஜெபத்தைக் கிறிஸ்து பிறப்பின் முந்தைய நாள் வரை நாள்தோறும் சொல்ல வேண்டும் என்பது 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின் ஒழுங்கு. ரோமர் பதின்மூன்றாம் அதிகாரத்திலிருந்து எடுத்துக் கட்டிய ஜெபம். இப்போது ஆலயத்தில் அதை அப்படி யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் தாத்தா காலத்திலிருந்து விளக்கு வைத்தவுடன் சொல்லிவருகிறோம். சொல்பவர் எப்போதும் அப்பா. இன்று நான் சொன்னேன். கடைசியில் நிறுத்தினேன். அம்மா வாய் திறக்க, நான் கையைக் காட்டி அமர்த்தினேன். இரண்டு முறை சொல்லும் நேரம். மூன்று முறை. நான்காவது முறை பாதியில், “ஆ” என்று ஓர் ஓசை வந்தது. பின்னெழுத்துகள் வரவில்லை. அம்மா அதற்குமேல் பொறுக்க முடியாமல் “ஆமென்” என்று சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் 3, புதன்

வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனிக்கான தெரு வரிசையை உபதேசியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்குப் பதினேழாம் தேதி இரவு வருகிறார்கள். அப்பாவைத் திண்ணையில் உட்கார வைக்கக் கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்று வேண்டும். மேலத்தெருச் சித்தி வீட்டில் ஒன்று இருக்கிறது. அதன் வலது கைப்பிடி ஆடுகிறது என்று ஞாபகம், போய்ப் பார்க்க வேண்டும்.