கம்பிக்கு நடுவே ஒரு தாள்

அக்டோபர் 8, 2025

ராத்திரி தூக்கம் வரவில்லை. அமெரிக்க நாட்டுப்புற இசைப் (கன்ட்ரி) பாடகர் ஜானி கேஷின் முதல் ஆல்பத்தைப் போட்டேன். பன்னிரண்டு பாட்டு, அரை மணிக்குள் முடிந்துவிட்டது. அமெரிக்காவின் மெம்பிஸில் இருந்த சன் ரெக்கார்ட்ஸ் கம்பெனி வெளியிட்ட முதல் எல்.பி.யே (பல பாட்டு அடங்கிய பெரிய இசைத்தட்டு) இதுதானாம். பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைக் கண்டெடுத்த கம்பெனி, ஆனால் எல்விஸுக்கே அங்கே எல்.பி. வாய்க்கவில்லை!

அக்டோபர் 9

இன்று ஹெட்போனில். 'ஐ வாக் த லைன்' பாட்டில் டிரம்ஸ் கிடையாது. மூன்றே பேர். பாஸ் வாசித்த மார்ஷல் கிராண்டும் எலக்ட்ரிக் கிதார் வாசித்த லூதர் பெர்கின்ஸும் கார் மெக்கானிக்குகள். கேஷ் வீடு வீடாக ஏறி இறங்கி சாமான் விற்றவர். ஆனாலும் பின்னால் 'சரக் சரக்' என்று ஒரு தாளம் ஓடுகிறது. கேஷ் தன் கிதார் கம்பிகளுக்கு இடையே ஒரு தாளைச் செருகி வாசித்த சத்தம் அது.

நானும் முயன்றேன். மளிகைக்கடை பில் குழைந்துபோனது. பத்து ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து, ஒரு கம்பிக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று கோத்தேன். வந்துவிட்டது! உள்ளேயிருந்து அம்மா, "கிதார் உடைஞ்சுபோச்சாடா?" என்றாள்.

அக்டோபர் 11

1957இல் இதே தேதியில்தான் ஆல்பம் வெளியானது. அதற்காகவே இன்னொரு முறை கேட்டேன்.

'ஐ வாக் த லைன்' பாட்டில் ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் 'ம்ம்ம்...' என்று ஒரு முனகல் வரும். அழகுக்குச் செய்கிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சரணத்துக்குச் சரணம் ஸ்ருதி மாறுகிறது, புது ஸ்ருதியைப் பிடிக்கத்தான் அந்த முனகல். கடைசிச் சரணம் முதல் சரணத்தின் அதே வரிகள்தான், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கிறது. இதை மெதுவாகப் பாடவே கேஷ் விரும்பினாராம், வேகமாக வேண்டும் என்றவர் தயாரிப்பாளர் சாம் பிலிப்ஸ். பிலிப்ஸ் கட்சிதான் நான்.

அக்டோபர் 12

இந்த ஆல்பத்தில் 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' பாட்டு மட்டும் உறுத்துகிறது. மெட்டும் பல வரிகளும் இசையமைப்பாளர் கார்டன் ஜென்கின்ஸ் 1953இல் வெளியிட்ட 'கிரசன்ட் சிட்டி ப்ளூஸ்' பாட்டிலிருந்து எடுத்தவை. பிற்பாடு கேஷ் சுமார் 75,000 டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார். சிறைக்கைதியின் குரலாக அதை மாற்றியது கேஷ்தான், சரி. அதற்காக ஜென்கின்ஸ் பெயரைப் போடாமலே விட்டிருக்க வேண்டாம்.

அக்டோபர் 13

காலையில் பால்காரருக்குப் பத்து ரூபாய் குறைந்தது. வீடெல்லாம் தேடிவிட்டு, கிதாரிலிருந்து உருவிக் கொடுத்தேன்.